போட்டோ எங்கே போச்சு?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



"சார், வாட்ஸ்அப்பில் போட்டோ காணாமல் போவதைப் பற்றி ஒரு கால் மணி நேரம் சொல்லுங்கள்" என்று தலைவர் கேட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால், சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் காயில் எரிந்து நின்றுவிட்டது. பண்டிகை நேரம், வீடு நிறைய விருந்தாளிகள், குழாயில் காற்று. நம் வாட்ச்மேன் அண்ணன்தான் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், பட்டறையில் உட்கார்ந்தே காயில் கட்டி, பேரிங் மாற்றிக் கொண்டுவந்தார். பொருளாளர் கொடுத்தனுப்பிய ரொக்கம் 6,800 ரூபாய். பட்டறையில் எழுதிக் கொடுத்த பில்லைப் போட்டோ எடுத்து அன்றைக்கே நம் குரூப்பில் போட்டார். பில் காகிதம் சட்டைப் பையில் இருந்தபடியே துவைக்கப் போய்விட்டது.

ஒன்றரை மாதம் கழித்துக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். மோட்டார் செலவுக்கு வவுச்சர் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "குரூப்ல போட்டேனுங்க சார்" என்றார். ஐந்து பேர் ஐந்து போனில் தேடினோம். குரூப்பின் போட்டோக்கள் இருக்கும் இடத்தில் அது இல்லை. "போட்டிருந்தா இருக்குமே" என்று ஒருவர் சொன்னார். யார் என்று சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் தன் போனை எடுத்து நீட்டினார். அதிலும் இல்லை. இடம் இல்லை என்று போன் காட்டியதால் கேலரியில் பழைய படங்களை எல்லாம் அழித்திருக்கிறார். அதைச் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி பார்த்தோம்.

நான் போட்டோ பகுதியை விட்டுவிட்டு, குரூப்பில் வந்த செய்திகளையே மேலே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வாரச் செய்திகள் இருந்தன. அதற்கு மேல் ஒன்றரை மாதம் காலி. அதற்கும் மேலே, நடுவில் ஒரு சின்னச் சாம்பல் நிற வரி: மறையும் செய்திகளை நீங்கள் ஆன் செய்தீர்கள், புதிய செய்திகள் 7 நாளில் மறைந்துவிடும் என்று. என் போனில் 'நீங்கள்' என்றால் அது நான்தானே.

புரட்டாசியில் நடந்தது ஞாபகம் வந்தது. காலை வணக்கம், பூ, சாமி படம், அதே வீடியோ மூன்று முறை என்று குரூப் நிரம்பி வழிந்து, எல்லோரும் போனில் இடமில்லை என்று சலித்துக்கொண்டார்கள். என் பேரன் காட்டிக் கொடுத்தான், நானும் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் மறந்தும் போனேன்.

அந்த வரியைப் படித்ததும் உடனே நான் சொல்லவில்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும், போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகுதான் சொன்னேன். அந்த ஒன்றரை நிமிடத்துக்காகத்தான் இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் நானும் அண்ணனும் பட்டறைக்குப் போனோம். பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதிய நகல் பத்திரமாக இருந்தது. தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் சரி. கார்பன் பேப்பரை இனி யாரும் கிண்டல் செய்யக்கூடாது என்று என் வீட்டில் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போட்டோ காணவில்லை என்றால் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம். ஆனால் காணாமல் போவதில் பல வகை உண்டு. எந்த வகை என்று தெரிந்தால்தான் தேடுவதா, திரும்ப அனுப்பச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

முதல் வகை நமக்கு நடந்தது. டிஸ்அப்பியரிங் மெசேஜஸ் என்று மெனுவில் இருக்கும். வாட்ஸ்அப்பில் இது 2020 நவம்பரில் வந்தது. அப்போது 7 நாள் மட்டும். அடுத்த வருடம் 24 மணி நேரம், 90 நாள் என்று இன்னும் இரண்டு சேர்த்தார்கள். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கெடு முடிந்தால் செய்தி போய்விடும். ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துப் போனைத் திறந்தால், நடுவில் வந்து போனதே தெரியாது. கெடு வைப்பதற்கு முன்னால் வந்த செய்திகளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் நம் குரூப்பில் ஆவணி மாதத்துச் சாமி படமெல்லாம் அப்படியே இருக்க, ஐப்பசி மாத பில் மட்டும் போனது.

இரண்டு பேர் பேசும் தனி சாட்டில் யார் வேண்டுமானாலும் இதை ஆன் செய்யலாம். குரூப்பில், அட்மின் தடுக்காத வரை, எந்த உறுப்பினரும் செய்யலாம். நான் அட்மின்கூட இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஆன் ஆகியிருந்தால் அந்த சாட்டின் படத்தின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு குறி தெரியும். இப்போதே போனை எடுத்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். (நான்கு பேருக்கு இருந்தது. இரண்டு பேர் பிள்ளைகளோடு பேசும் சாட்டில். பிள்ளைகள் போட்டதா, தாங்களே கை தவறிப் போட்டதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆன் செய்தது யார் என்று அந்தச் சாம்பல் வரியே சொல்லும்.)

நிறுத்துவதற்குக் குரூப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போய், டிஸ்அப்பியரிங் மெசேஜஸ் என்ற இடத்தில் ஆஃப் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வருவது நிற்கும். ஏற்கெனவே கெடுவோடு வந்தவை அந்தக் கெடுப்படியே போகும். உறுப்பினர்கள் யாரும் இதை மாற்ற முடியாதபடி, குரூப் பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் அட்மின் பூட்டிவிடலாம். நம் குரூப்பில் இப்போது பூட்டியிருக்கிறோம்.

கெடு இருக்கட்டும், ஒரு செய்தி மட்டும் நிற்க வேண்டும் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கீப் இன் சாட் என்று 2023 ஏப்ரலில் வந்தது. செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே புத்தக அடையாள அட்டை மாதிரி ஒரு குறி வரும், அதைத் தொட்டால் போதும். ஆனால் அனுப்பியவருக்கு அது தெரிந்துவிடும். வேண்டாம் என்று அவர் மறுத்தால் செய்தி நிற்காது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மறைய வேண்டும் என்று நினைத்து ஒருவர் அனுப்பியதை வைத்துக்கொள்ள அவருடைய சம்மதம் வேண்டும்தானே.

மறைந்து போனதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். முடியாது. மறைவதற்கு முன்னால் பேக்கப் எடுத்திருந்தால் அதில் இருக்கும், ஆனால் பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது அதுவும் அழிந்துவிடும். யாராவது அந்தப் படத்தைக் கெடு இல்லாத வேறு சாட்டுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் அங்கே இருக்கும். பில்லைப் பார்த்து வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு யாராவது அனுப்பினீர்களா என்று நானும் வீடு வீடாகக் கேட்டேன், யாரும் அனுப்பவில்லை. காணாமல் போன போட்டோவை மீட்டுத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் ஆப்களை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். உங்கள் போட்டோ, காண்டாக்ட், எஸ்.எம்.எஸ். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். எஸ்.எம்.எஸ்.ஸில்தான் உங்கள் வங்கியின் ஓ.டி.பி. வருகிறது.

அடுத்த வகை, ஒருமுறை மட்டும் பார்க்கிற போட்டோ. வியூ ஒன்ஸ் என்பார்கள். 2021 ஆகஸ்டில் வந்தது. படம் அனுப்பும்போது எழுதும் கட்டத்தின் பக்கத்தில் வட்டத்துக்குள் 1 என்று இருக்கும். அதைத் தொட்டு அனுப்பினால், பார்க்கிறவர் திறந்து மூடியதும் படம் போய்விடும். கேலரிக்கு வராது, ஃபார்வர்டு ஆகாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. 14 நாள் திறக்காமலே விட்டாலும் போய்விடும். அனுப்பிய உங்களாலும் அதைத் திரும்பப் பார்க்க முடியாது. மூன்றாம் மாடி அம்மா ஒருவர் ஆதார் அட்டையைத் தெரியாமல் இப்படி அனுப்பிவிட்டு, "பேங்க்ல படம் வரவே இல்லைன்னு சொல்றாங்க சார்" என்று வந்தார். அங்கே யாரோ ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, அச்சு எடுக்க மறுபடி தேடியிருக்கிறார். இதில் ரிப்பேர் எதுவும் கிடையாது. அந்த 1 எரியாமல் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அனுப்ப வேண்டியதுதான்.

ஆனால் இந்த வசதியைப் பாதுகாப்பு என்று நம்பி இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் உறவுக்காரர் ஒருவர் கொலுசு வேலை செய்கிறார். நம் சேலத்தில் கொலுசு மாடல் ஒன்று புதிதாக வந்தால் அடுத்த வாரம் நாலு பட்டறையில் அதே மாடல் வந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் புது மாடல்களை ஒருமுறை பார்க்கிற மாதிரிதான் கடைக்காரர்களுக்கு அனுப்புவார். "பார்த்துட்டு ஆர்டர் சொல்லட்டும், படம் கையில நிக்காது" என்று பெருமையாகச் சொன்னார். நான் அவர் போனில் ஒரு படத்தைத் திறக்கச் சொல்லி, என் போன் கேமராவால் அந்தத் திரையைப் படம் எடுத்துக் காட்டினேன். இரண்டு நொடி வேலை. கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மறையும் போட்டோவை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஸ்னாப்சாட் என்ற அமெரிக்க ஆப். படங்கள் மறைந்துவிடும் என்று சொல்லித்தான் அதைப் பரப்பினார்கள். அங்கே நுகர்வோர் விவகாரங்களைப் பார்க்கும் மத்திய வர்த்தக ஆணையம் 2014 மே மாதம் அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. வேறு ஆப்களை வைத்தும் எளிய வழிகளிலும் பெறுபவர் படத்தைச் சேமித்துக்கொள்ள முடியும்போது, மறைந்துவிடும் என்று சொல்வது ஏமாற்று என்பதுதான் குற்றச்சாட்டு. வாட்ஸ்அப்பும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுத்தது வியூ ஒன்ஸ் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான்.

வீட்டில் வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பேச எனக்கும் சங்கடம்தான், பேசாமலும் இருக்க முடியாது. "ஒருதரம் பார்த்தா போயிடும்" என்ற தைரியத்தில்தான் பிள்ளைகள் அனுப்பக்கூடாத படத்தை அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பி யாராவது மிரட்டினால், பிள்ளை முதலில் உங்களிடம் வந்து சொல்லும்படி வீட்டை வைத்திருங்கள். பணம் கொடுக்காதீர்கள். பயத்தில் சாட்டையும் அழித்துவிடாதீர்கள், அது சாட்சி. மிரட்டுபவனே மறைகிற மாதிரிதான் அனுப்புவான், அதனால் வேறு போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளையின் படமே திரையில் இருந்தால் அதை எடுக்க வேண்டாம், எண்ணும் மிரட்டலும் தெரிந்தால் போதும். சைபர் குற்றத்துக்கு உதவி எண் 1930. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு.

மூன்றாவது வகையில் யாரும் எதையும் மறைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் படம் வராது. மங்கலாகத் தெரியும், தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் இடம் இருக்கிறதா பாருங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் பெரிய வீடியோக்களையும், பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும். முதலில் அங்கே கை வையுங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், தேதி தப்பாக இருந்தால் படம் இறங்காது. ரொம்ப நாள் தொடாமலே விட்ட படம் என்றால் திரும்ப அனுப்பச் சொல்வதைத் தவிர வழி இல்லை.

'இந்தக் கோப்பு உங்கள் போனில் இல்லை' என்ற அர்த்தத்தில் செய்தி வந்தால், கேலரியில் நீங்களே அழித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஆண்ட்ராய்டு போனில் கேலரியில் தெரிவதும் சாட்டில் தெரிவதும் ஒரே படம்தான், இரண்டு பிரதி கிடையாது. அங்கே அழித்தால் இங்கேயும் போச்சு. கேலரியின் குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பொதுவாக 30 நாள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்கெனவே பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். வாட்ச்மேன் அண்ணனின் பில் 40 நாளுக்கு மேல் ஆகிவிட்டது, பேக்கப்பும் இல்லை.

சிக்னல் என்று இன்னொரு ஆப் இருக்கிறது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய விதிமுறை பற்றிப் பேச்சு கிளம்பியபோது நம்மில் பலர் பயந்துகொண்டு அதற்கு மாறினோம், பாதிப் பேர் திரும்பியும் வந்துவிட்டோம். அதில் கெடு கொஞ்சம் வேறு மாதிரி. பெறுபவருக்கு, அவர் படித்த பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும். சாதாரணமாக வந்த படமும் தானாகக் கேலரிக்குப் போகாது, நாமாகச் சேமிக்க வேண்டும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகரும் அமைச்சர்களும் ஏமன் மீது நடத்தப்போகும் தாக்குதலைச் சிக்னல் குரூப்பில் பேசினார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாக அதில் சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் அந்தத் தவறைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறு. சில செய்திகள் ஒரு வாரத்திலும் சில நான்கு வாரத்திலும் மறையும்படி வைத்திருந்தார்கள். அரசாங்கப் பதிவை இப்படி அழிய விடலாமா என்று அங்கே வழக்கே போட்டார்கள். நம் 6,800 ரூபாய் மோட்டார் பில் ஞாபகம் வந்தது எனக்கு.

வங்கியில் ஒரு பழைய சட்டத்தைச் சொல்வார்கள், 1891-ஆம் வருடத்து வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம். வங்கியின் கணக்குப் புத்தகத்திலிருந்து முறையாகச் சான்றளித்த நகலைக் கோர்ட் ஏற்றுக்கொள்ளும். ஏன் ஏற்றுக்கொள்கிறது? தினசரி வேலையில் எழுதப்படும் புத்தகம், வங்கியின் பொறுப்பில் இருப்பது, நகல் எடுத்தவர் கையெழுத்துப் போடுகிறார். வாட்ஸ்அப் படத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனாலும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்கிறார்கள். நமக்குக் கோர்ட் வேண்டாம், நம் பொதுக்கூட்டமே போதும். குரூப் என்பது பேசுகிற இடம். அதை ஃபைல் என்று நாம் நினைத்துவிட்டோம்.

அதனால் நிர்வாகக் குழுவில் முடிவு செய்து சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். செலவு பில் எதுவானாலும் காகிதம் அன்றைக்கே பொருளாளரின் வவுச்சர் ஃபைலுக்குப் போகும், பின்னால் இரண்டு கையெழுத்தோடு. படம் குரூப்பில் போட்டாலும், சங்கத்தின் இமெயிலுக்கும் ஒரு பிரதி. பராமரிப்புக் கட்டணம் ஜிபே, போன்பே வழியாகக் கட்டுகிறவர்கள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் மட்டும் போதாது, அதிலுள்ள 12 இலக்க யு.டி.ஆர். எண்ணையும் எழுத்தில் அனுப்புங்கள். அந்த எண் இருந்தால் படமே போனாலும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். காலை வணக்கத்துக்குத் தனி குரூப் ஆரம்பித்திருக்கிறோம். அங்கே 24 மணி நேரக் கெடு, தாராளமாகப் பூ அனுப்புங்கள்.

கூட்டத்தில் இரண்டு கேள்வி வந்தது. ஸோஹோவின் அரட்டை ஆப்புக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா என்று ஒரு தம்பி கேட்டார். நம் ஊர்க்காரர்கள் செய்தது, பயன்படுத்துங்கள். ஆனால் எந்த ஆப்பாக இருந்தாலும் முதல் நாளே செட்டிங்ஸைத் திறந்து, மறைவது, சேமிப்பது இரண்டும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியை இரண்டாம் மாடி பாட்டி கேட்டார். இறந்துபோன தங்கை கடைசியாக அனுப்பிய படம் சாட்டில் இருக்கிறது, அது போய்விடுமா என்று. கூட்டம் முடிந்ததும் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். கெடு எதுவும் இல்லை. படத்தைக் கேலரியில் சேமித்து, அவருடைய மகளுக்கு இமெயில் செய்து, ஸ்டூடியோவில் இரண்டு பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.

வாட்ச்மேன் அண்ணன் இப்போது பல்பு வாங்கிவர நூறு ரூபாய் கொடுத்தால்கூட, "நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க சார்" என்கிறார். முன்னெல்லாம் அப்படிச் சொன்னதில்லை. நானும் எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, நானும் ஒன்று போடுகிறேன்.

ஞாயிறு காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பேன். போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.